மெயினை அடைத்த பிறகும்

மசாலா மில் ஓய்ந்ததும் அண்ணி செய்யும் முதல் வேலை, சுவரோரம் போய் மெயின் சுவிட்சைக் கீழே தள்ளுவது. விளக்கு அணையும். மின்விசிறி மெல்லச் சுற்றி நிற்கும். "அடச்சாச்சு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, வாளித் தண்ணீரும் துணியுமாக இயந்திரத்தின் முன்னால் உட்காருவார். ஒரு வீட்டு மிளகாய் இன்னொரு வீட்டு மல்லியில் கலந்துவிடக் கூடாது என்பதில் அவருக்கு அப்படி ஒரு பிடிவாதம். மலாக்கா பக்கம் சிம்பாங் அம்பாட்டில் என் அண்ணன் நடத்திய அந்தச் சின்ன மில்லை நினைத்தால் எனக்கு முதலில் வருவது இந்தக் காட்சிதான்.

நான் அப்போது மலாக்கா டவுனில் வயரிங் குத்தகைக்காரர் ஒருவரிடம் வேலை பழகிக்கொண்டிருந்தேன். லைசன்ஸ் கிடையாது, ஆனால் எல்லாம் தெரியும் என்ற நினைப்பு இருந்தது. ஒரு நாள் அண்ணன் கரண்டு பில்லை என் முன்னால் போட்டார். "டேய், எல்லாரும் செய்றான்லா. மில்லு ஓடுறது மீட்டருக்குத் தெரியாம இருந்தா போதும்" என்றார். அண்ணி தெங்கேராவில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த ஞாயிற்றுக்கிழமை அந்த வேலையைச் செய்தேன். மீட்டருக்குப் போகாமலே இயந்திரத்துக்கு ஒரு தனி இணைப்பு. அதை நிறுத்த, அலமாரிக்குப் பின்னால் ஒரு சுவிட்ச். முடித்துவிட்டு இறங்கியபோது பெருமையாகக்கூட இருந்தது.

மீட்டரைத் தாண்டிப் போகும் கம்பி மெயின் சுவிட்சையும் தாண்டித்தான் போகிறது. கசிவு வந்தால் தானே விழும் பாதுகாப்புச் சுவிட்சையும் தாண்டித்தான் போகிறது. இது எனக்குத் தெரியாமல் இல்லை. தினமும் அண்ணி கழுவ உட்காரும் முன் அலமாரிச் சுவிட்சை அடைத்துவிட வேண்டும் என்று அண்ணனிடம் சொன்னேன். அவரும் அடைத்துக்கொண்டுதான் இருந்தார். அண்ணியிடம் சொல்லவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பார்.

தீபாவளி நெருங்கிய ஒரு மதியம் மில்லுக்குப் போனேன். அண்ணன் காய்ந்த மிளகாய் வாங்க லாரியில் போயிருந்தார்; அலமாரிச் சுவிட்சை அடைக்க ஆள் இல்லை. உள்ளே அரையிருட்டு. மெயின் கீழே இருந்தது. ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்ற அண்ணி, சொட்டச் சொட்ட நனைந்த துணியை இயந்திரத்தின் சட்டத்துக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார்.

"அண்ணி! தொடாதீங்க!"

நான் போட்ட சத்தத்தில் துணி கீழே விழுந்தது. "என்னா தம்பி, பேயப் பாத்த மாதிரி கத்துற?" என்று சிரித்தார். நான் கரண்டு இருக்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட் பென்னை எடுத்து அந்த இரும்பில் வைத்தேன். உள்ளே சிவப்பாக எரிந்தது. இயந்திரத்தின் அதிர்வில் உரசி உரசி எங்கோ கம்பியின் தோல் தேய்ந்திருக்கிறது. அந்தச் சிவப்பு அண்ணிக்கும் தெரிந்தது. சிரிப்பு நின்றது.

"மெயினத்தான் அடச்சிட்டேனே தம்பி?"

"பழைய வயரு அண்ணி. சில நேரம் இப்படித்தான்" என்றேன். அதைவிட மோசமான பொய்யை நான் இன்றுவரை சொன்னதில்லை. அவர் நகர்ந்ததும் அலமாரிச் சுவிட்சை அடைத்து, தேய்ந்த இடத்தைத் தேடி டேப் சுற்றினேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை அண்ணி என்னைக் கோயிலுக்கு வரச் சொன்னார். என் பெயருக்கு அர்ச்சனை. "இந்தத் தம்பி மட்டும் அன்னிக்கு வரலேன்னா என் புள்ளைங்களுக்கு அம்மா இல்ல" என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார். ஒரு பெரியவர் என் தலையில் கைவைத்து வாழ்த்தினார். அண்ணியின் மகளுக்கு அப்போது நான்கு வயது. என் விரலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னால் அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை.

மறுநாள் காலை மில்லில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணன் தலை குனிந்துகொண்டார். அண்ணி கத்துவார், அழுவார் என்று நினைத்தேன். அவர் எழுந்து போய், வெளியே காத்திருந்தவர்களிடம் அவரவர் பையைத் திருப்பிக் கொடுத்தார். "மில்லு இன்னிக்கு ஓடாது, வேற எடத்துல அரச்சுக்குங்க" என்று சொல்லி, ஆண்டிலேயே வேலை அதிகமான வாரத்தில் கதவைப் பூட்டினார். பிறகு என் முன்னால் வந்து நின்றார்.

"நீதானே வச்ச? நீயே கரண்டு ஓபிஸ்ல போய்ச் சொல்லு. நானும் வரேன்."

"அபராதம் போடுவாங்கம்மா" என்றார் அண்ணன்.

"கட்டுவோம். நான் உசுரோட இருக்கேன்லா, கட்டிக்கலாம்."

மின்சார அலுவலகத்தின் நீளமான பெஞ்சில் அண்ணி என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். நான் தடுமாறிய இடங்களில் முழங்கையால் ஒரு இடி இடிப்பார், நான் தொடர்வேன். அன்று மாலையே ஆட்கள் வந்து தெருவிலேயே இணைப்பைத் துண்டித்துவிட்டு, மீட்டர் பலகையைக் கழற்றினார்கள். நான் போட்ட இணைப்பின் தோல் உருகி வழிந்திருந்தது. பின்னாலிருந்த மரம் கரியாகியிருந்தது. வந்தவர்களில் ஒருவர் அதை விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு எங்களைத் திரும்பிப் பார்த்தார். மில்லுக்கு மேல் மாடியில்தான் அண்ணன் குடும்பம் தினமும் இரவில் தூங்கியது. அண்ணி தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அழுதார். ஆனால் அது துக்கத்தின் அழுகை இல்லை. நானும் அழுதேன். பல வாரங்களுக்குப் பிறகு நெஞ்சு லேசாக இருந்தது.

அபராதத்தைத் தவணையில் கட்டினோம். எனக்கு இருந்த வேலையும் போயிற்று. பிறகுதான் முறையாகப் படித்துப் பரீட்சை எழுதி லைசன்ஸ் எடுத்தேன்.

போன மாதம் தங்கா பத்துவில் அண்ணி மகள் வாங்கிய வீட்டில் பால் காய்ச்சினார்கள். வயரிங் முழுவதும் நான் செய்தது. வந்திருந்த சம்பந்தி வீட்டாரிடம் அண்ணி என்னைக் காட்டி அந்தப் பழைய கதையை ஆரம்பித்தார். அண்ணி எப்போதும் அதை முழுசாகத்தான் சொல்வார். "என்னைக் கொல்லப் பாத்ததும் இவன்தான், காப்பாத்துனதும் இவன்தான்." முன்பெல்லாம் முதல் பாதி வந்ததும் நான் மெல்ல எழுந்து வெளியே போய்விடுவேன். இப்போது உட்கார்ந்திருக்கிறேன். அன்றும் கடைசிவரை கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணிதான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.