பூஜை அலமாரிக்கு முன்னால் ஓர் ஈரம்

சின்ன நாய்களுக்கு வீட்டுக்குள் ஒதுங்குமிடம் பழக்குவது என் தொழில். அதில் முக்கால்வாசி, குட்டி தூங்குவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான். விடிந்ததும் மாப்புக் கட்டையும் கையுமாக அலைகிற உங்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம். திருச்செங்கோட்டில் ஒரு மூன்றாம் மாடி வீட்டுக் கதையைச் சொல்கிறேன். அங்கே இருந்தது வளர்மதி அக்கா, அவருடைய மாமியார், பொம்மி என்கிற இரண்டரை மாத வெள்ளைப் பொமரேனியன். அக்காவின் கணவர் ரிக் வண்டியோடு வடக்கே ஆழ்துளைக் கிணறு போடப் போயிருந்தார்.

பேப்பர் விரித்த கதை

முதல் நாள் பால்கனி மூலையில் பழைய பேப்பரை விரித்தேன். மாமியார் வந்து குனிந்து ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். கும்பாபிஷேகப் படம் இருந்த தாளைக் கண்ணில் ஒற்றி மடித்து வைத்துக்கொண்டார். அடுத்ததில் யாரோ கல்யாண ஜோடி; அதுவும் ஆகாது. கடைசியில் மிஞ்சியது கட்சிக்காரர்கள் சிரிக்கிற முழுப்பக்க விளம்பரம். அதை அவரே கையால் நீவி விரித்துவிட்டார்.

"இதுல போவட்டும் சாமி, ஒரு பாவமும் இல்ல."

மத்தியானத் தூக்கம்

குட்டி கண் விழித்ததும் பேப்பருக்குத் தூக்கிப் போய்விட வேண்டும். அதனால் நானும் அக்காவும் தரையில் உட்கார்ந்து அதன் தூக்கத்துக்குக் காவல் இருந்தோம். மின்விசிறிக் காற்றில் வெள்ளை மயிர் நாற்றுப் போலச் சாய்ந்து நிமிர்ந்தது. கனவில் எங்கேயோ ஓடிக்கொண்டிருந்தது. நாலு காலும் மெல்ல அசைந்தன. சன்னலுக்கு அப்பால் மலை வெயிலில் கரைந்து, இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் நின்றது. எனக்கும் கண் சொக்கியது.

அப்போதுதான் அக்கா தணிந்த குரலில் சொன்னார். அமாவாசைக்குள் வீட்டை நனைப்பது நிற்காவிட்டால், குட்டியைக் கொழுந்தனாரின் கோழிப்பண்ணைக்கு அனுப்பிவிடுவதென்று அத்தை முடிவு செய்துவிட்டாராம். இன்னும் ஆறே நாள். அதன் காதைத் தொடப்போனவர், எழுந்துவிடுமே என்று கையை இழுத்துக்கொண்டார்.

"அவரு வந்தா பத்து நாளு இருப்பாருங்க தம்பி. மத்த நாளெல்லாம் இந்த ஊட்டுல என்னைத் தேடறது இது ஒண்ணுதான்."

தினமும் அதே இடம்

பகலெல்லாம் ஒழுங்காகப் பேப்பருக்குப் போகிற குட்டி, காலையில் மட்டும் பூஜை அலமாரிக்கு முன்னால் நனைத்தது. எனக்குப் பிடிபடவில்லை. ஒருநாள் ஆறு மணிக்கே போய் ஓரமாக நின்றேன். மாமியார் குளித்துவிட்டு வந்து, நேற்றைய தீட்டுக் கழிய, செம்பிலிருந்து மாவிலையால் அந்த இடத்தில் கோமியம் தெளித்தார். பின்னாலேயே பொம்மி வந்தது. ஒவ்வொரு சொட்டாக மோந்து, தூக்கத்தில் நடப்பதுபோல ஒரு வட்டம் சுற்றி, உட்கார்ந்தது.

எந்த உயிரின் மூத்திரம் என்றெல்லாம் குட்டி பார்க்காது. அந்த வாசனை எங்கே இருக்கிறதோ அதுதான் ஒதுங்குகிற இடம். இதை மெதுவாகச் சொன்னேன். மாமியார் செம்பைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஏங்கண்ணு, அப்ப இத்தன நாளா நாந்தான் அதுக்கு எடம் காட்டிட்டு இருந்தனா?"

அமாவாசைக் காலை

அன்றே அந்த இடத்தை வினிகர் விட்டுத் துடைத்தோம். வீட்டுக்குள் தெளிக்க இனி மஞ்சள் தண்ணீர் என்று ஏற்பாடு. மிச்சக் கோமியத்தை மாமியாரே பால்கனிப் பேப்பரில் நாலு சொட்டு விட்டார். இருந்தாலும், சொன்ன சொல் சொன்னதுதான் என்று கொழுந்தனாரையும் வரச் சொல்லியிருந்தார். அமாவாசையன்று அவர் கூண்டோடு கீழே வண்டியில் காத்திருந்தார்.

விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பொம்மி எழுந்து நேரே அலமாரிக்கு முன்னால் போய் மோந்தது. அக்கா முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டார். ஒரு வட்டம். அடுத்ததில் பாதி. பிறகு ஏதோ ஞாபகம் வந்ததுபோல நின்று, பால்கனிக்கு நடந்தது. காரியம் முடியும்வரை பார்த்திருந்த மாமியார், கைப்பிடிச் சுவரில் எட்டிப் பார்த்துக் கீழே இருந்த சின்ன மகனுக்குக் குரல் கொடுத்தார்.

"கூண்டு வேண்டாஞ் சாமி, நீ மட்டும் மேல வந்து காப்பி குடிச்சுட்டுப் போ."

ஆக, நான் பழக்கப் போகிற வீடுகளில் முதலில் தேறிவிடுவது எப்போதும் குட்டிதான்.