கொடியேற்றத்துக்கு மறுநாள்

டாக்டரம்மா குறித்துக் கொடுத்த தேதி தாண்டி ஒரு வாரம் ஆகியும் எனக்குச் சின்ன வலிகூட வரவில்லை. கத்திரி வெயில், தலைப்பிள்ளை. தண்ணீர்க் குழாய்க்குப் போனால் தெருவே கேட்டது: "ஏளா, இன்னுமா பெறல?" பெற்று ஒளித்தா வைத்திருக்கிறேன் என்று கேட்க நாக்கு துறுதுறுத்தது. புதுத் துறைமுகத்தில் வேலை பார்த்த என் வீட்டுக்காரர், நான் லேசாக முனகினாலே டாக்ஸி பிடிக்க ஓடினார்.

வெளியே வாயாடினாலும் உள்ளுக்குள் பயம்தான். நாள் தாண்டினால் பிள்ளைக்கு ஆகாது என்று யாரோ சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். டாக்டரம்மாவும், "நாளைக்கு வந்து சேர்ந்திரு. டிரிப் போட்டு வலி வரவழைக்கணும்" என்றுவிட்டார்.

மறுநாள் மாமியாரோடு போனேன். ஸ்கேன் எல்லாம் வராத காலம். டாக்டரம்மா என் வயிற்றை அழுத்தி அழுத்திப் பார்த்தார்.

"நாள் தாண்டின வயிறு மாதிரி இல்லையே. தலையும் இறங்கல. கடைசியா எப்ப தலைக்குக் குளிச்சே?"

முதலில் தேதி குறித்த அன்றைக்குப் போலவே மாமிதான் முந்திக்கொண்டார். "கொடியேத்தத்துக்கு மறுநாள் டாக்டரம்மா. இவதான் சொன்னா. ஜூலைக் கடைசி."

எங்கள் கடற்கரைக்காரர்களுக்குக் காலண்டரே கோயில் திருவிழாதான். கல்யாணமோ காய்ச்சலோ, கொடி ஏறுவதற்கு முன்னால், சப்பரத்துக்குப் பின்னால் என்றுதான் சொல்வோம். ஆனால் ஜூலை என்றதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"அது உங்க கோயில் கொடி மாமி! நான் சொன்னது எங்க ஊர்க் கொடி. அது ஆகஸ்ட் பாதியிலதான் ஏறும். திருவிழாவுக்கு எங்கம்மா வீட்டுக்குப் போயிருந்தேம்லா, அங்கன வச்சுத்தான் குளிச்சேன்."

"உங்க ஊர்க் கொடி எப்ப ஏறும்னு எனக்கு என்னளா தெரியும்?" என்று மாமி சீறினார். அவருக்குக் கொடி என்றால் தூத்துக்குடிக் கொடி ஒன்றுதான்.

டாக்டரம்மா விரல்விட்டு எண்ணினார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"நல்லவேளை! பிஞ்சுல பறிக்கப் பாத்தோமே. இன்னும் ரெண்டு வாரம் போல கிடக்கு. அதுவும் ஒரு கணக்குதான், முன்ன பின்ன வரும். துடிப்பு நல்லா இருக்கு. அசைவு குறைஞ்சாலோ, தண்ணிக்குடம் உடைஞ்சாலோ, ரத்தம் கண்டாலோ உடனே ஓடி வா."

வெளியே வந்ததும் அந்த வயிற்றோடு குதிக்கலாம்போல இருந்தது. பிள்ளைக்கு ஒன்றுமில்லை! புதுத் தேதியை நான் தெருவில் ஒருத்தருக்கும் சொல்லவில்லை.

அந்தத் தேதியும் வருவதற்குள், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மீன் கழுவிக்கொண்டிருந்தபோது இடுப்பை ஏதோ இறுக்கிப் பிடித்தது. விட்டது. மறுபடி பிடித்தது. நேரம் ஆக ஆக இடைவெளி குறைந்தது. "வலி வந்துட்டு மாமி!" என்று நான் போட்ட சத்தத்தில் பயம் துளியும் இல்லை, அத்தனையும் சந்தோஷம்.

சாயங்காலமே மகள் பிறந்தாள். கொழுகொழுவென்று, ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்க்கிற அழுகையோடு.

மாமி அவளை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "உன்னைய அவசரப்படுத்தப் பாத்தோமே, மன்னிச்சிருளா" என்று அவளிடம் சொன்னார். என்னிடம் சொல்லவில்லை. நானும் அழுதுகொண்டிருந்ததால் சண்டை போடத் தோன்றவில்லை.