என் தங்கையை ஆராய வந்தவர்

ஜப்பான்காரன் காலத்தில் என் தங்கை வெள்ளைச் சோற்றைத் தவிர வேறு எதையும் தின்ன மாட்டாள். அரிசி கிடைக்காத காலம் அது. மலாக்கா முழுக்க மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிர் பிழைத்துக்கொண்டிருந்தது. காஜா பேராங்கில் நாங்கள் குடியிருந்த தகரக் கூரை வீட்டின் பின்னாலும் அம்மா மரவள்ளிதான் நட்டிருந்தார். அவித்துக் கொடுத்தாலும், பொரித்துக் கொடுத்தாலும், கஞ்சியாகக் காய்ச்சிக் கொடுத்தாலும் தங்கை அதை நாக்கில் வைத்ததும் துப்பிவிடுவாள். அடித்தும் பார்த்தாயிற்று, கெஞ்சியும் பார்த்தாயிற்று.

அவளுக்கு அப்போது ஏழு வயதிருக்கும். பேச்சு வரவில்லை. முன்பு தெருவில் வந்த ரொட்டிக்காரரின் கூவலை மட்டும் அவர் குரலிலேயே சொல்வாள். யாரும் தொடக் கூடாது. மஞ்சாடி விதைகளைச் சுவர் ஓரமாக வரிசையாக அடுக்கிக்கொண்டு முழுக் காலையையும் கழிப்பாள். ஒரு விதை விலகினால் அலறுவாள். இன்று இதற்கு ஆட்டிசம் என்று பெயர் சொல்கிறார்கள். அன்று எங்கள் தெரு வைத்த பெயர்களை நான் இங்கே எழுதப் போவதில்லை.

அப்பாவைச் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டு போயிருந்தார்கள். அவரிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. அம்மா வீடு வீடாகத் துணி துவைத்துக் கொடுத்தார். பங்கீட்டில் கிடைத்த கொஞ்ச அரிசியையும் தங்கைக்கே ஒதுக்கினார். கெடாமல் இருக்கக் கலந்த சுண்ணாம்பின் வாடை அதில் அடிக்கும். பல தண்ணீர் மாற்றிக் கழுவினால்தான் அவள் தொடுவாள். நானும் அம்மாவும் கிழங்கு தின்றோம்.

அந்த நிலைமையில்தான் டாக்டர் வந்தார். வெள்ளைக்கார டாக்டர்களைச் சிறையில் அடைத்த பிறகு, அவர்களுக்குக் கீழே வேலை பார்த்தவர்கள் சிலர் மேலே வந்திருந்தார்கள். இவர் அப்படி வந்தவர், நம்மவர், நன்றாகத் தமிழ் பேசுபவர். புத்தி வளராத பிள்ளைகளையும் அவர்களுடைய குடும்பங்களையும் ஆராய்வதாகச் சொன்னார். புதிய அதிகாரிகளுக்கு இதில் அக்கறை உண்டு என்றார். ஒத்துழைக்கிற குடும்பங்களுக்கு அரிசி கிடைக்க ஏற்பாடு செய்வதாகவும் சொன்னார். அரிசி என்ற சொல்லைக் கேட்டதும் அம்மா இருந்த ஒரே நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

அவர் கேட்ட கேள்விகள் இன்னும் என் காதில் இருக்கின்றன. கட்டியவர் சொந்தமா? ஆமாம், அத்தை மகன். பரம்பரையில் யாருக்காவது பைத்தியம் உண்டா? குடிகாரர் உண்டா? கர்ப்பமாக இருந்தபோது பயந்தீர்களா, விழுந்தீர்களா? கருவைக் கலைக்க மருந்து சாப்பிட்டீர்களா? அம்மா தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். எனக்குப் பன்னிரண்டு வயது. இவற்றையெல்லாம் என் முன்னால் கேட்கிறாரே என்று எனக்கே கூசியது. அவருக்குக் கூசவில்லை. கடைசியாக, இந்தப் பிள்ளை வேண்டாம் என்று மனத்துக்குள் நினைத்ததுண்டா என்று கேட்டார். அம்மா அதற்கு மட்டும் பதில் சொல்லவில்லை. அவர் அந்த மௌனத்தையே பதிலாக எடுத்துக்கொண்டார் என்பது பிறகுதான் தெரிந்தது.

அவ்வளவு நேரமும் தங்கை அவர் காலடியில்தான் விதை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவர் குனிந்து பார்க்கவில்லை. போகும்போது அவருடைய சப்பாத்துக் கால் அந்த விதை வரிசையைக் கலைத்துவிட்டது. அவள் அலறினாள். "இப்படித்தான் காரணம் இல்லாம கத்துமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் ஜாலான் பெண்டஹாரா பக்கத்தில் ஒரு கடைவீட்டு மாடிக்கு எங்களை வரச் சொன்னார். அரிசி அங்கேதான் தருவார்கள் என்று நினைத்து அம்மா பையைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டார். அங்கே மூன்று நான்கு குடும்பங்கள் இருந்தன. அவர்களில் ஒருவர் எங்கள் காஜா பேராங்கிலேயே, செட்டிக் கம்பம் என்ற குடியிருப்பில் இருந்த மலாக்கா செட்டி அம்மாள். பாஜுச் சட்டையும் சாரோங் கைலியும் உடுத்தி, நெற்றியில் திருநீறு பூசியிருந்தார். பக்கத்தில் அவருடைய மகன், என் தங்கையைவிடக் கொஞ்சம் பெரியவன், முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே உட்கார்ந்திருந்தான். பல தலைமுறைகளாக மலாக்காவிலேயே வாழும் அவர்கள் சமூகத்தில் பலரைப் போல அவருக்கும் தமிழ் வராது, மலாய்தான். அம்மாவைப் பார்த்து லேசாகச் சிரித்து நகர்ந்து இடம் கொடுத்தார்.

உள்ளே ஒரு ஜப்பானிய அதிகாரியும் இன்னும் சிலரும் இருந்தார்கள். தங்கையை நடுவில் நிறுத்தினார்கள். தலையை நாடாவால் அளந்தார்கள். தொட்டதும் திமிறினாள், இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். பிறகு காது கேட்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். அம்மா குறுக்கே வந்து, தூரத்தில் விமானம் வந்தாலே காதைப் பொத்திக்கொள்வாள், நன்றாகக் கேட்கும் என்று சொன்னார். யாரும் காதில் வாங்கவில்லை. ஒருவன் அவளுக்குப் பின்னால் போய் நின்று பிஸ்கட் தகரத்தைக் கம்பியால் ஓங்கி அடித்தான். அவள் போட்ட சத்தத்தில் கீழே தெருவில் போனவர்கள் நின்றிருப்பார்கள். தன் கையைத் தானே கடித்தாள், இரத்தம் வந்தது. இருந்தவர்களில் யாரோ சிரித்தார்கள். சரியாகப் பார்க்கவில்லை என்று இன்னொருவர் சொல்ல, மறுபடியும் அடித்தான்.

போருக்கு முன் நான் ஆங்கிலப் பள்ளியில் படித்தவள். டாக்டர் பக்கத்தில் இருந்தவரிடம் ஆங்கிலத்தில் சொன்னது எனக்குப் புரிந்தது. தாய்க்கு இதன்மேல் பாசம் கிடையாது, அதனால்தான் இது இப்படி ஆயிற்று, எலும்பும் தோலுமாக இருப்பதைப் பாருங்கள் என்றார். 'அவள்' என்று சொல்லவில்லை. நாய்க்கும் நாற்காலிக்கும் சொல்கிற சொல்லைத்தான் என் தங்கைக்குச் சொன்னார்.

அரிசி தரவில்லை. அடுத்த முறை பார்க்கலாம் என்றார்கள்.

திரும்பும் வழியில் டாக்டர் சொன்னதை அம்மாவிடம் சொன்னேன். அம்மா நிற்கவில்லை, அழவில்லை. செட்டி அம்மாள் தம் மகனுடன் எங்களோடுதான் நடந்து வந்தார். என் பேச்சு அவருக்குப் புரிந்திருக்காது, அம்மாவின் முகம் புரிந்தது. தம் மகனைக் காட்டி "புக்கான் கிலா" என்றார், பைத்தியம் இல்லை என்று. பிறகு தங்கையைக் காட்டி அதையே சொன்னார். அம்மா அவரை அக்கா என்று கூப்பிட்டார். அந்தச் சொல் அவருக்கும் தெரிந்திருந்தது.

டாக்டர் மறுபடியும் வீட்டுக்கு வந்தபோது அம்மா வாசலை விட்டு நகரவில்லை. நாற்காலி போடவில்லை.

"நீங்க கேட்டதுக்கெல்லாம் பதில் சொன்னேன் ஐயா," என்றார். "சொல்லக் கூடாததக்கூடச் சொன்னேன். எம் பிள்ள என்ன திங்கும், எப்படித் தூங்கும்னு ஒரு வார்த்த கேட்டீங்களா?"

இது அறிவியல், நாளைக்குப் பிறக்கப்போகும் பிள்ளைகளுக்கு உதவும் என்றார் அவர்.

"நல்லா உதவட்டும். இவ இன்னிக்கு இருக்கா. அரிசி தர்றேன்னு சொன்னீங்களே, அது எங்க?"

அவர் முகம் மாறிவிட்டது. இப்படிப்பட்ட பிள்ளைகளை ஜப்பான்காரர்கள் என்ன செய்வார்கள் என்று தமக்குத் தெரியும், ஒத்துழைக்காத குடும்பங்களைத் தம்மால் காப்பாற்ற முடியாது என்றார். நிதானமாக, நல்லது சொல்பவரைப் போலச் சொன்னார். பசித்த குழந்தையைக் காட்டி வரவழைத்தார், வராவிட்டால் அந்தக் குழந்தையைக் காட்டியே மிரட்டினார். ஜப்பான்காரனை எல்லாரும் திட்டுகிறோம். இவரை யாரும் திட்டி நான் கேட்டதில்லை.

அன்று முதல் டாக்டரின் மோட்டார் காடிச் சத்தம் கேட்டாலே நான் தங்கையைச் செட்டிக் கம்பத்துக்கு அழைத்துக்கொண்டு ஓடுவேன். அக்கா தம் மகனையும் அவளையும் பின்கட்டில் உட்கார வைப்பார். இரண்டு பிள்ளைகளும் ஒருவரை ஒருவர் பார்க்கவே மாட்டார்கள். ஆனால் அவள் விதை அடுக்கும்போது அவன் ஆட்டத்தை நிறுத்திவிடுவான். டாக்டர் இன்னும் சில முறை வந்தார், வெறும் வீட்டைப் பார்த்துவிட்டுப் போனார். பிறகு வரவில்லை.

அந்தப் பின்கட்டில்தான் தங்கையின் சாப்பாட்டுக்கும் ஒரு வழி பிறந்தது. அக்கா பலகாரம் செய்கிறவர். மரவள்ளியைத் துருவிப் பிழிந்து, ஈரப் பதத்தில் முறத்தில் போட்டு உருட்டி, அரிசி மாதிரி சிறு மணிகளாக்கி வெயிலில் காய வைத்தார். முதலில் செய்ததைத் தங்கை தட்டோடு வீசினாள். அடுத்து செய்தது பசையாகிவிட்டது. பிறகு அம்மா ஒரு யோசனை செய்தார். உண்மையான சோற்றில் அந்த மணிகளைச் சிட்டிகையளவு கலந்தார். அவள் தின்றாள். நாளாக ஆக மணிகளைக் கூட்டி அரிசியைக் குறைத்தார்கள். அளவு மிஞ்சினால் கண்டுபிடித்துவிடுவாள், மறுநாள் பின்வாங்க வேண்டியிருக்கும். இரண்டு பெண்களும் சலிக்காமல் செய்தார்கள். அவள் கன்னத்தில் சதை பிடித்தபோது அம்மா வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார்.

போர் முடிந்தது. அப்பா திரும்பவில்லை. நான் ஆசிரியர் பயிற்சிக்குப் போனேன். ஒரு நாள் மந்தப் பிள்ளைகளைப் பற்றிப் பேச ஒரு டாக்டர் வருகிறார் என்றார்கள். அவரேதான். இப்போது வெள்ளைக்காரர்களுக்கு வேண்டியவர், கோட்டும் டையும் அணிந்திருந்தார். காஜா பேராங்கில் தாம் ஆராய்ந்த ஒரு குடும்பம் என்று தொடங்கி, பாசமில்லாத ஒரு தாய் தன் பெண்ணைப் பட்டினி போட்டே எலும்பாக்கிய கதையைச் சொன்னார். என்னோடு படித்தவர்கள் உச்சுக் கொட்டினார்கள்.

நான் எழுந்து நின்றேன். அந்தப் பெண் என் தங்கை என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அம்மா தன் பங்குச் சோற்றையும் அவளுக்குப் போட்டவர், அரிசி தருகிறேன் என்று எங்களை வரவழைத்துத் தராமல் போனவர் நீங்கள் என்று சொன்னேன். அவர் மற்றவர்களைப் பார்த்து, குடும்பத்தினர் உணர்ச்சிவசப்படுவது இயல்பு, இதையும் நாம் ஆராய்ச்சியில் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டு மேலே பேசினார். மற்றவர்கள் திரும்பி என்னைப் பார்த்தார்கள், பிறகு அவர் சொன்னதைக் குறித்துக்கொண்டார்கள். மன்னிப்புக் கேட்கச் சொல்லிப் பயிற்சிக் கூட முதல்வர் கூப்பிட்டார். நான் கேட்கவில்லை.

தங்கை அம்மாவுக்குப் பிறகும் பல ஆண்டுகள் என் வீட்டில் இருந்தாள். தலைநரைத்துப் போனாள். எல்லாரும் தின்பதைத் தின்னக் கற்றுக்கொண்டாள், மீனைத் தவிர. துணி மடிப்பதில் அவளுக்கு நிகர் இல்லை. யாரும் தொடவிடாதவள், ஒரு முறை காய்ச்சலில் கிடந்தபோது என் தோளைத் தானாகவே பிடித்துக்கொண்டாள், ஒரு மாலை முழுக்க விடவில்லை.

அந்தப் பேச்சை அவர் பிறகும் பல பயிற்சிக் கூடங்களில் பேசியதாகக் கேள்விப்பட்டேன். அதைக் கேட்டுப் போன ஆசிரியர்கள் எத்தனை தாய்மார்களை எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று நினைத்தால் இந்த வயதிலும் எனக்கு உடம்பு கொதிக்கிறது. அவர் சொன்னது பொய். என் அம்மா அவளைப் பட்டினி போடவில்லை.