மரவள்ளிக்கு இஞ்சி ஆகாது

மரவள்ளிக்கிழங்கு தின்றால் இஞ்சியைத் தொடக்கூடாது என்பது எங்கள் பக்கத்துச் சட்டம். கிழங்கு அவிக்கிற நாளில் இஞ்சித் துண்டு குசினிக்குள்ளேயே இருக்கக்கூடாது. மறந்துபோய் இஞ்சித் தேத்தண்ணீர் குடித்தால் ஆள் சரி. அப்படிச் செத்த ஒருவரை எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவர் எப்போதும் பக்கத்து ஊர்க்காரர். நாரந்தனையில் கேட்டால் வேலணைக்காரர் என்பார்கள், வேலணையில் கேட்டால் நாரந்தனைக்காரர் என்பார்கள்.

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் இந்தச் சட்டத்தோடு மோதினேன். கூப்பனுக்குக் கிடைக்கும் கோதுமை மா குறைந்து, ஒரு றாத்தல் பாண் வாங்க விடியமுன்னமே வரிசையில் நின்ற காலம். தீவுகளுக்குப் போய், மரவள்ளியை மாவாக்கவும் அந்த மாவில் பலகாரம் செய்யவும் பெண்களுக்குப் பழக்குவது என் உத்தியோகம். எனக்குப் பயிற்சி தந்தவர்கள் தெளிவாகச் சொல்லியிருந்தார்கள்: நஞ்சு இஞ்சியில் இல்லை, கிழங்கிலேதான் இருக்கிறது, கசப்புக் கிழங்கில் கூடுதலாக. தோலை உரித்து, மெல்லிதாகச் சீவி, ஊறப்போட்டு, நன்றாகக் காயவைத்து இடித்தால் பயமில்லை. வெயிலுக்கு எங்கள் தீவுகளில் என்ன பஞ்சம்?

அனலைதீவு வகுப்புக்குப் பெண்கள் வந்தார்கள், பார்த்தார்கள், போனார்கள். ஒருத்தியும் வீட்டில் செய்யவில்லை. கேட்டால், "மாவாக்கி வைச்சா, தெரியாமல் ஆரும் இஞ்சி சேர்த்துப்போடுவினம் எண்டு பயம், ரீச்சர்" என்றார்கள். இந்த முறையும் இப்படியென்றால் அந்த வகுப்பை மூடிவிடலாம் என்று என் மேலதிகாரி சொல்லிவிட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. மழை பொய்த்த வருஷம் அது. தீவில் பல வீடுகளில் ஒருநேரம்தான் அடுப்பு எரிந்தது. மரவள்ளியோ வேலியோரமெல்லாம் நின்றது. வகுப்பை மூடினால் அந்தச் சனத்துக்காக வேறு யார் கடல் தாண்டி வருவார்கள்?

நான் வீம்பு பிடித்தவள். அடுத்த வகுப்பன்று சனசமூக நிலையத்தில் மரவள்ளி மாவும் பனங்கட்டியும் தேங்காய்ப்பூவும் சேர்த்துக் குழைத்தேன். பிறகு எல்லோரும் பார்க்க ஒரு பெரிய துண்டு இஞ்சியை இடித்து அதற்குள் போட்டேன்.

முன்னால் இருந்த பொக்கை வாய் அம்மா எழும்பிவிட்டார். "ஐயோ பிள்ளை, என்ன வேலை செய்யிறீர்?"

"இஞ்சிதானே அம்மா போட்டனான்."

"மரவள்ளிக்கு இஞ்சி ஆகாதெண்டு சின்னக் குழந்தைக்கும் தெரியும். உமக்கு ஆர் இதைப் படிப்பிச்சது?"

படித்ததைச் சொன்னேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான். ஆகவே ரொட்டி சுட்டதும் இரண்டை எடுத்து அவர்கள் முன்னாலேயே தின்றேன். சூட்டில் வாய் வெந்தது, காட்டிக்கொள்ளவில்லை.

அதன்பிறகு வகுப்பு நடக்கவில்லை, காவல்தான் நடந்தது. ஒருத்தி கையைத் தொட்டுப் பார்த்தாள். இன்னொருத்தி பாயை விரித்து, "கொஞ்சம் சரியுங்கோ, ரீச்சர்" என்றாள். போக எழுந்தால் பொக்கை வாய் அம்மா வாசலை மறித்துக்கொண்டார். "வள்ளம் ஏற விடேலாது. நடுக்கடலில ஏதும் நடந்தா ஆர் பாக்கிறது?" வள்ளக்காரருக்கும் சொல்லி அனுப்பி அவரையும் நிறுத்திவைத்துவிட்டார். எனக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. யாரோ வீட்டுக்கு ஓடிப்போய் மோர் கொண்டுவந்து தந்தாள். அந்த வருஷத்தில் மோர் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். குடிக்கக் கூச்சமாக இருந்தது.

வெயில் தாழ்ந்தது. எனக்கு ஒன்றும் வரவில்லை, பசியைத் தவிர. ரொட்டி தட்டு நிறையக் கிடந்தது. "இனியெண்டாலும் எடுங்கோவன்" என்றேன். எல்லோர் கண்ணும் தட்டில் இருந்தது, ஒருத்தியும் கை நீட்டவில்லை. அப்போதுதான் எனக்கு விளங்கியது. இஞ்சிப் பயம் எப்போதோ போய்விட்டது. ஆனால் முதலில் கை நீட்டுகிறவள் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று ஊர் முழுக்க அறிந்துவிடும்.

கடைசியில், பின்னால் கைக்குழந்தையோடு இருந்த இளம்பெண் நிலத்தைப் பார்த்தபடி சொன்னாள். "ரீச்சர், வீணாத்தானே போகப்போகுது. தாங்கோ, ஆட்டுக்குப் போடுறன்."

அவளிடம் ஆடு இல்லை. அவள் வீட்டு வளவைக் கடந்துதான் ஒவ்வொரு முறையும் நான் வகுப்புக்கு வருவேன். எனக்கே தெரிந்தது ஊருக்குத் தெரியாதா? எவளாவது வாயை விட்டுவிடுவாளோ என்று பயந்தேன்.

பொக்கை வாய் அம்மா தொண்டையைச் செருமினார். "எங்கட ஆட்டுக்கும் ரெண்டு வையும், பிள்ளை. கிழட்டு ஆடு, பல்லும் இல்லை. மெத்தெண்டதாப் பாத்து வையும்."

"எங்கட குட்டியளுக்கு நாலு, ரீச்சர்" என்றாள் அடுத்தவள். பிறகு தட்டு காலியாகும்வரை ஆடுகள்தான். பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பார்கள். அந்தப் பத்தில் முதலாவது மானம். அன்று அது பறக்கவில்லை. நான் தலையை நிமிர்த்தாமல் பூவரசம் இலையில் சுற்றிச் சுற்றிக் கொடுத்தேன், வள்ளத்தில் ஏறிய பிறகு அழுதேன்.

அடுத்த மாதம் இருக்க இடமில்லாமல் ஆட்கள் வந்திருந்தார்கள். வகுப்பை மூடுகிற பேச்சு அதோடு நின்றுபோனது. சீவிக் காயவைத்த கிழங்கை ஓலைப்பெட்டிகளில் கொண்டுவந்து, சரியாகக் காய்ந்திருக்கிறதா என்று உடைத்துக் காட்டினார்கள். நான் மாவைக் குழைக்கத் தொடங்க, அந்த இளம்பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள்.

"போன முறை ஆட்டுக்கு இஞ்சி காணாதாம், ரீச்சர். இண்டைக்குக் கொஞ்சம் கூடப் போடுங்கோ."