ஒரே பிள்ளை படிக்கும் பள்ளிக்கூடம்

என் தம்பிக்கு ஒரு யோசனை வந்துவிட்டால் வீட்டில் இருப்பவர்கள் பாடு திண்டாட்டம்தான். பார்சல் குடோனில் மாலை ஷிஃப்ட் சூப்பர்வைசர் அவன். ஆட்களை வரிசையில் நிற்க வைத்தே பழகிய உடம்பு. சின்ன வயதில் வாசலில் கிடக்கும் செருப்புகளைக்கூட ஜோடி ஜோடியாக நிறுத்தி அதட்டுவான். இந்த முறை அவனுக்கு வந்த யோசனை, மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி வீட்டிலேயே படிக்க வைப்பது.

காரணம் நியாயமானதுதான், நான் மறுக்கவில்லை. அவளை நாங்கள் கூப்பிடுவதே வாயாடி என்றுதான். எறும்பு தூங்குமா, கண்ணாடிக்குள் இருக்கிறவளுக்கும் பசிக்குமா என்று என் தையல் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து உயிரை வாங்குவாள். இரண்டாம் வகுப்புக்குப் போனதும் அது குறைந்தது. அரைப் பரீட்சைக்குள் அடியோடு நின்றே போனது. கேள்வி கேட்டால் டீச்சர் திட்டுகிறாராம். தம்பி கொதித்துப்போனான்.

"அது ஸ்கூல் இல்லக்கா, ஜெயில். என் பொண்ணு வாயைத் தைச்சு அனுப்பிட்டாங்க. இனி நானே சொல்லித் தர்றேன். அவ பழையபடி கேள்வி கேக்கணும், எனக்கு அது போதும்."

எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. என் தம்பியா இப்படிப் பேசுகிறான் என்று பூரித்துப்போனேன். அந்தப் பூரிப்பு மறுநாள் காலை வரை தாங்கியது.

காலையில் மாடியிலிருந்து இறங்கி என் தையல்கடைக்கு வந்தான். கையில் நீலத் துணி.

"அக்கா, யூனிஃபார்ம் தைக்கணும். ரெண்டு செட்."

"வீட்டுக்குள்ள இருக்கிற பிள்ளைக்கு எதுக்குடா யூனிஃபார்ம்?"

"டிசிப்ளின் வேணும்ல? பாக்கெட்ல பேட்ஜ் வெச்சிடு."

என்ன பேட்ஜ் என்று கேட்டால், ஸ்கூல் பேட்ஜாம்! தலையில் அடித்துக்கொண்டு தைத்துக் கொடுத்தேன்.

ஹாலில் சோபாவை ஓரம் கட்டிவிட்டு போர்டு மாட்டினான். காலையில் பால்கனியில் அசெம்பிளி. இருக்கிற ஒற்றைப் பிள்ளையை உயர வரிசைப்படி நிற்கச் சொன்னானாம், கேளுங்கள் இந்தக் கூத்தை. பிறகு அட்டெண்டன்ஸ். எதிரே அவள் ஒருத்திதான் உட்கார்ந்திருப்பாள். இவன் பெயரைக் கூப்பிட்டுவிட்டு, வந்திருக்கிறாளா என்று நிமிர்ந்து வேறு பார்ப்பான். பாட நேரத்தில் அப்பா என்று கூப்பிடக் கூடாது, சார் என்றுதான் கூப்பிட வேண்டும். தண்ணீர் குடிக்கப் போவதற்கும் பர்மிஷன் வாங்க வேண்டும்.

இதையெல்லாம்கூடச் சிரித்துவிட்டுப் போய்விடலாம். அடுத்ததாக கிளாஸ் லீடர் தேர்வு நடந்தது. போட்டியில்லாமல் ஜெயித்தாள் வாயாடி. சார் இல்லாத நேரத்தில் பேசுகிறவர்கள் பெயரை போர்டில் எழுதுவது லீடர் வேலை. ஒருநாள் அவன் போன் பேசப் பால்கனிக்குப் போயிருந்தான், நான் காபியோடு மேலே ஏறினேன்.

"என்னடி பண்றே?"

"ஒண்ணும் இல்ல அத்தை."

அவ்வளவுதான் சொன்னாள். உடனே எழுந்து போய், போர்டில் தன் பெயரையே எழுதிவிட்டு வந்து உட்கார்ந்தாள். பால்கனிக்கே போய் அவனைப் பிடித்தேன்.

"ஏண்டா, கேள்வி கேக்கணும்னுதானே அங்கிருந்து கூட்டிட்டு வந்தே?"

"கேக்கட்டும்க்கா, யார் வேணாம்னா? முதல்ல போர்ஷன் முடியட்டும்."

இவனைக் கட்டிக்கொண்டவள் மருந்துக்கடையில் மதியம் வரை வேலை பார்க்கிறாள். பாவம், பொறுமைசாலி. அவளுடைய வார லீவில் அவளை பேரண்ட்ஸ் மீட்டிங்குக்குக் கூப்பிட்டான். சொந்த வீட்டு ஹாலில், சொந்தப் புருஷன் முன்னால், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். கூத்தைப் பார்க்க நானும் போயிருந்தேன். வாயாடி யூனிஃபார்மோடு சுவரோரமாக நின்றாள்.

தம்பி தொண்டையைச் செருமினான்.

"உங்க பொண்ணு நல்லாதான் படிக்கிறா. ஆனா கிளாஸ்ல வாயே திறக்க மாட்டேங்கிறா. வீட்ல ஏதாவது பிரச்சினையா?"

நான் சிரிப்பை அடக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டேன். அவன் பெண்டாட்டி சிரிக்கவில்லை.

"ஆமா சார், இருக்கு. அவங்க அப்பா வீட்ல இருக்கிறதே இல்ல."

"அவர் சாயங்காலம்தானே வேலைக்குப் போறாரு?" என்றான் அந்த மகராசன், விடாப்பிடியாக சாராகவே.

அப்போதுதான் சுவரோரத்திலிருந்து குரல் வந்தது.

"அம்மா, அந்த ஸ்கூல்னா சாயங்காலம் விட்டதும் நான் வீட்டுக்கு வந்துடுவேன். இந்த சார் எப்பம்மா அவர் வீட்டுக்குப் போவாரு?"

எத்தனையோ நாளைக்குப் பிறகு பிள்ளை கேட்ட கேள்வி. எனக்குச் சிரிப்பு எங்கே போனதென்றே தெரியவில்லை. தம்பியின் முகம் வெளிறிப்போயிருந்தது. ஆனால் பழகின வாய் சும்மா இருக்குமா?

"கேள்வி கேக்கணும்னா கையைத் தூக்கணும்" என்று அதுபாட்டுக்குச் சொல்லிவிட்டது.

வாயாடி கையைத் தூக்கினாள். அவன் முகத்தைப் பார்த்து அதே கேள்வியை மறுபடியும் கேட்டாள்.