இளவரசிக்கு மட்டும் குதிரை

பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கென்று மதராஸிலிருந்து வந்த வாரப் பத்திரிகை அது. எங்கள் வீட்டில் அதை முதலில் தொடும் உரிமை அப்பாவுக்குத்தான். ஆபீஸில் குமாஸ்தாக்களை அதட்டி வேலை வாங்குகிற மனுஷர், வெள்ளிக்கிழமை சாயங்காலம் சட்டையைக்கூடக் கழற்றாமல் ஊஞ்சலில் உட்கார்ந்து தொடர்கதையை உரக்க வாசிப்பார். அம்மாவும் அக்காவும் நானும் கேட்க வேண்டும். எங்கள் தெருவான வலியசாலையில் இன்னும் பல வீடுகளில் இதே கூத்துதான்.

சரித்திரக் கதையாம். சரித்திரம் என்பது ராஜாக்களின் பட்டப்பெயரோடு சரி. மற்றதெல்லாம் பறக்கும் குதிரை, பேசும் வாள், மந்திர மை. எழுதினவர் குதிரையைப் படத்தில்தான் பார்த்திருப்பார். கதாநாயகி ஓர் இளவரசி. மலைக்கு அப்பால் உள்ள ஆசிரமத்தில் போய்ப் படிக்க வேண்டும் என்கிறாள். ராஜா கூடாது என்கிறார். வாரம் தவறாமல் அவள் ஒரு சபதம் செய்வாள், அப்பா ஊஞ்சல் பலகையைத் தட்டிச் சபாஷ் போடுவார். பெண் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று எங்களைப் பார்த்துச் சொல்வார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஏனென்றால், சுதந்திரம் வந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்த அந்தச் சமயத்தில் அக்கா இண்டர்மீடியட் பாஸ் செய்திருந்தாள். பி.ஏ. படிக்க ஆசைப்பட்டாள். மலையெல்லாம் தாண்ட வேண்டாம். கிழக்கேகோட்டையில் பஸ் ஏறினால் காலேஜ் வாசலில் இறங்கலாம். அப்பா மசியவில்லை. பஸ்ஸில் கண்டவனும் ஏறுவானாம், அதிகம் படித்தவளுக்கு வரன் அகப்படாதாம். திருநெல்வேலியிலிருந்து ஒரு ஜாதகம் வந்து பொருந்தியும் விட்டது. காலேஜில் அப்ளிகேஷன் கொடுக்க ஒரு வாரம்தான் பாக்கி.

அந்த வெள்ளிக்கிழமை அப்பாவுக்குக் கண்நோய். அக்காவை வாசிக்கச் சொன்னார். அவள் நிறுத்தி நிதானமாக வாசித்தாள். ராஜா இளவரசியை அந்தப்புரத்தில் வைத்துப் பூட்டினார். பெண்ணுக்கு இதுவரை படித்ததே தாராளம் என்றார். வெளியே போனால் கண்டவனும் பார்ப்பான் என்றார். அண்டை நாட்டு இளவரசனின் ஜாதகம் பொருந்திவிட்டது. இளவரசி தலையைக் குனிந்துகொண்டு சரி என்றாள்.

காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது. அவளுக்குப் புரிந்துவிட்டது, எனக்கும்தான். அப்பாவோ ஊஞ்சலை விட்டே எழுந்துவிட்டார்.

"இவனெல்லாம் ஒரு தகப்பனா? அறிவுள்ள பெண்ணைப் பிடிச்சு அடைச்சு வெக்கறதாவது?"

அக்கா பத்திரிகையை மடியில் வைத்தாள்.

"கதையில அப்படி இல்லைப்பா. நானாக்கும் கூட்டிச்சேர்த்து வாசிச்சேன்."

இப்போதாவது உறைக்கும் என்று நம்பினேன். அப்பா பத்திரிகையைப் பிடுங்கி, சிவந்த கண்ணுக்குக் கிட்டே வைத்துத் தட்டுத்தடுமாறிப் படித்தார். இளவரசி பத்திரமாகக் குதிரையேறிப் போய்விட்டிருந்தாள். அவர் முகம் மலர்ந்தது.

"அதானே பார்த்தேன். பயமுறுத்திட்டியே. முதல்லேர்ந்து ஒழுங்கா வாசி."

அக்கா முதலிலிருந்து வாசித்தாள்.

ஆவணியில் கல்யாணம். அவளைப் புருஷனோடு ரயிலேற்றிவிட்டு, ஆளுக்கொரு பக்கம் பார்த்து அழுதுகொண்டே வீடு திரும்பினோம். அன்றைக்கும் வெள்ளிக்கிழமை. அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஊஞ்சலில் உட்கார்ந்தார். பத்திரிகை வந்துவிட்டதா என்று என்னைக் கேட்டார்.