முட்டைக்குக் காவல் போன நாள்

யாரையும் லேசில் நம்பாத குணம் எனக்குச் சின்ன வயதிலேயே இருந்தது. கடைக்காரர் தராசைத் தொட்டால் அவருடைய விரலைத்தான் பார்ப்பேன். ஊசி வலிக்காது என்று சொன்ன டாக்டரை இன்றைக்கும் மன்னிக்கவில்லை. ஆனாலும் நான் ஒருவரை முழு மூச்சாகச் சந்தேகித்தது என்றால், வாகரையிலிருந்து தன்னாமுனைக்கு என் முட்டைகளைக் காரில் கொண்டுபோன மனிதரைத்தான்.

முட்டைகள் என் சிவப்புக் கோழியுடையவை. குசினியில் அடுப்பு மூலையில் பழைய பனையோலைக் கடகமொன்றில் வைக்கோல் பரப்பி, இடி முழக்கத்தில் முட்டை கெட்டுப்போகாமல் இருக்க ஓர் ஆணியும் கரித்துண்டும் போட்டு, அம்மாதான் அடை வைத்துத் தந்திருந்தார். குஞ்சு பொரிக்கப் போகிற நேரம் பார்த்து, இரை தின்ன இறங்கிய கோழியைக் கீரி பிடித்துவிட்டது. கடகத்தில் பதினொரு முட்டை. எடுத்துக் காதில் வைத்தால் உள்ளே சுரண்டுகிற சத்தம். தாயில்லாமல் அவை குளிர்ந்து செத்துவிடும் என்று அம்மா சொன்னதும் நான் முற்றத்தில் விழுந்து புரண்டு அழுதேன்.

அம்மாவின் தங்கையான சின்னம்மாதான் வழி சொன்னார். தன்னாமுனையில் ஒருவர் பல்புச் சூட்டில் குஞ்சு பொரிக்கவைக்கும் பெட்டி வைத்திருக்கிறாராம்.

"உனக்கெப்பிடித் தெரியும்?" என்று அம்மா கேட்டார்.

"கோழி வளக்கிற வகுப்புக்கு வந்து சொல்லித் தந்தவர் அக்கா."

அவருடைய நம்பரை யாரிடம் கேட்பது என்று அம்மா யோசிப்பதற்குள் சின்னம்மா பேசி முடித்துவிட்டார். தானே காரோடு வந்து ஏற்றிப் போவதாகப் பெட்டிக்காரர் சொல்லிவிட்டார். அம்மாவின் முகம் கறுத்தது. "பதினொரு முட்டைக்கு ஒருத்தன் இம்புட்டுத் தூரம் வாறானாமா?" என்று அடுப்பைப் பார்த்துச் சொன்னார். எனக்கும் அதே கேள்விதான். முட்டையில் ஆசை இல்லாதவன் எதற்காக வருகிறான்?

அம்மாவால் கூட வர முடியவில்லை. தம்பிக்குக் காய்ச்சல். அப்பா கடலுக்குப் போயிருந்தார். நான் மறுபடி அழத் தொடங்கியதால்தான் அம்மா சம்மதித்தார். கார் வந்து நின்றதும் என்னைத் தனியே இழுத்துப்போய்க் காதுக்குள் சொன்னார்.

"நீ முன்னுக்கு இரி புள்ள. சின்னம்மா பின்னுக்கு இரிக்கட்டும். அந்தாள்ல ஒரு கண் வச்சிக்க. என்ன நடந்தாலும் வந்து எனக்குச் சொல்லணும்."

சொல்லவா வேண்டும்? ஆள் முட்டைக் கள்ளன் என்று அம்மாவே உறுதிப்படுத்திவிட்டார். அவர் மாற்றி வைத்தால் கண்டுபிடிக்க வேண்டுமே என்று, கடகத்துக் கரித்துண்டை எடுத்து ஒவ்வொரு முட்டையிலும் புள்ளடி போட்டேன். முட்டைகளை இளஞ்சூட்டு உமியில் புதைத்து, பழைய சேலையால் மூடி, கடகத்தை என் மடியில் வைத்தார்கள்.

காற்றுப் படக்கூடாதென்று பெட்டிக்காரர் கார்க் கண்ணாடிகளை ஏற்றிவிட்டார். நாங்கள் மூவரும் அவிந்தோம். ஆட்டம் கூடாதென்று காரை அவர் ஓட்டிய விதம் இருக்கிறதே! பனிச்சங்கேணிப் பாலத்தில் ஒரு கிழவர் விறகுக் கட்டோடு சைக்கிளில் எங்களை முந்திக்கொண்டு போனார், போகிற போக்கில் திரும்பிப் பார்த்துச் சிரிக்கவும் செய்தார். இப்படிப் போனால் முட்டை வழியிலேயே குளிர்ந்துவிடும், பிறகு எல்லாம் கூழாகிவிட்டது என்று சொல்லி அமுக்கிவிடுவார் என்று நான் கணக்குப் போட்டேன். அவரோ அடிக்கடி, பின்பக்கம் காட்டும் முன் கண்ணாடியை நிமிர்ந்து பார்த்தார். கூட்டாளி யாரும் பின்தொடர்கிறானோ என்று நானும் திரும்பிப் பார்த்தேன். தெருவில் ஈ காக்கை இல்லை. பின் சீட்டில் சின்னம்மா மட்டும் சேலைத் தலைப்பால் முகத்தை விசிறிக்கொண்டிருந்தார்.

கிரான் தாண்டியதும் சேலைக்குள்ளிருந்து மெல்லிய கீச்சுச் சத்தம் வந்தது. அவர் காரை ஓரமாக நிறுத்திவிட்டுக் கடகத்துக்குள் கையை விட்டார். நான் கடித்துவிட்டேன். பல் பதிய.

"விடு புள்ள, விடு," என்று சின்னம்மா பதறினார்.

"கடிக்கட்டும், முட்டைக்குக் காவல்தானே," என்று அவர் கையை உதறிக்கொண்டார். பிறகு ஒரு முட்டையில் விழுந்திருந்த வெடிப்பைக் காட்டி, அந்தப் பக்கம் மேலே இருந்தால்தான் குஞ்சு மூச்சு விடும் என்று சொல்லித் திருப்பி வைத்தார். ஓட்டை நான் உடைத்துவிடட்டுமா என்று கேட்டேன்.

"உடைச்சா செத்திரும். அதுவா வரணும். நாம சூட்டைக் குடுத்திட்டுப் பாத்திட்டு இரிக்க வேண்டியதுதான்."

இதை என்னிடம் சொன்னவர், பார்த்தது கண்ணாடியை.

அவருடைய வீடு வாவிக் கரையில் இருந்தது. அவருடைய தாய் எனக்குத் தேத்தண்ணியும் பிஸ்கற்றும் தந்துவிட்டு, எங்கள் தாய்வழிக் குடி எது, எந்தக் கோவிலில் எங்களுக்கு உரிமை என்றெல்லாம் விசாரித்தார். கோழிக்குஞ்சு பொரிக்க எங்கள் குடி எதற்கு? சின்னம்மாதான் தலையைக் குனிந்துகொண்டு ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார்.

முட்டைகள் பெட்டிக்குள் போனதும் நான் அதன் கண்ணாடிக்கு முன்னால் சப்பாணி கட்டி உட்கார்ந்துவிட்டேன். பெட்டிக்காரரும் சின்னம்மாவும் வாவிப் பக்கம் போய் நின்று நெடுநேரம் பேசினார்கள். அவர் வெளியே இருக்கும்வரை முட்டைக்கு ஆபத்தில்லை. அதனால் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

பொழுது சாயும்போது எங்களைத் திரும்பக் கொண்டுவந்து விட்டார். அம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தார். "என்ன நடந்த?" என்று கேட்டார். முட்டைகள் பத்திரம், ஒன்றைத் தொட்டார், கடித்தேன் என்று எல்லாம் ஒப்பித்தேன். "நல்லது செய்தாய்," என்றார் அம்மா. கத்தி மீனில் ஓடிக்கொண்டிருந்தது.

"ஒண்டுதான் அம்மா விளங்கல்ல. போகக்குள்ள முட்டைக்காக மெதுவாப் போனார். வரக்குள்ள காருல முட்டையே இல்ல. அப்பவும் அப்பிடித்தான் வந்தார். மாடெல்லாம் எங்கள முந்திட்டு."

கத்தி நின்றது. அம்மா கொடிப்பக்கம் திரும்பிச் சின்னம்மாவைப் பார்த்தார். அங்கே காய்ந்த துணியை எடுத்து மடித்து, மடித்ததையே உதறி, திரும்ப மடித்துக்கொண்டிருந்தார் சின்னம்மா.

"வரக்குள்ளயும் நீதான் முன்னுக்கு இரிந்தாயா?"

"ஓம்."

கடல் ஊருக்குள் வந்த நாளில் பெற்றவர்கள் இருவரும் போய்விட, தங்கையைத் தூக்கி வளர்த்தவர் அம்மாதான். அவளையும் ஒருவன் கொண்டுபோய்விடுவான் என்று அவர் எத்தனை பயந்தார் என்பது அன்று எனக்குத் தெரியாது. இராச்சாப்பாட்டை அவர் தொடாமல் மூடிவைத்ததற்கு மீனில் உப்புக் கூடியதுதான் காரணம் என்று நினைத்தேன்.

அடுத்த கிழமை குஞ்சுகளை எடுத்துவரப் புறப்பட்டோம். ஒரு கடகத்தோடு நான் போனால் போதும். ஆனால் அம்மா கூறைச்சேலை உடுத்தினார், அப்பா வேட்டி கட்டினார், மாமியும் மாமாவும் ஒரு குலை கதலி வாழைப்பழமும் பலகாரப் பெட்டியும் கொண்டு வந்தார்கள். குஞ்சு பலகாரம் தின்னுமா என்று கேட்டதற்கு மாமி என் வாயைப் பொத்தினார். சின்னம்மாவை மட்டும் வீட்டில் விட்டுவிட்டார்கள்.

அங்கே பெரியவர்கள் எதையெதையோ பேசி முடித்த பிறகு அம்மா பெட்டிக்காரரைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டார்.

"தம்பி, இந்தப் பெட்டிய எங்கட ஊருக்குக் கொண்டு வருவீங்களா?"

"கொண்டு வாறன் அக்கா. அங்கயே இரிக்கட்டும்."

அம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். பல்புப் பெட்டி ஒன்றுக்காக ஒரு மனுசி அழுவாளா என்று எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நான் கடகத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய் எண்ணினேன். பத்துக் குஞ்சுதான் இருந்தது. ஒன்று பொரிக்கவில்லை என்றார் பெட்டிக்காரர். அவர் சித்தப்பாவாகி எங்கள் வளவிலேயே குடியிருந்து இத்தனை வருசமாகியும் அதை நான் நம்பவில்லை. குஞ்சு எடுக்கவென்று அத்தனை பேர் காரேறிப் போனோம். அவற்றைத் திரும்பிப் பார்த்தது நான் ஒருத்திதான்.